பெல் அடித்தால் வழி விடணுமா? சைக்கிளும் நடப்பவரும் எதிர்ப்படும் இடத்தில் யாருக்கு முன்னுரிமை

பாளையங்கோட்டையில் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எந்த முக்கில் நின்று பார்த்தாலும் இது கண்ணில் படும். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் ஒரு அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்குவார். கார்க்காரர் ஒருத்தர் மனசு வந்து நிறுத்துவார், பின்னால் வந்த ஆட்டோவும் வேறு வழியில்லாமல் நிற்கும், நின்ற காருக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவில் இருக்கிற ரெண்டடிச் சந்தில் ஒரு சைக்கிள் பெல் அடித்துக்கொண்டே வந்து அந்த அம்மாவின் முந்தானையை உரசிவிட்டுப் போகும். போகிற போக்கில் "பாத்து வாங்கக்கா" என்று ஒரு அறிவுரை வேறு. அக்காவும் "சரிப்பா" என்றுதான் சொல்வார்கள். தப்பு அந்த அம்மாவுடையது என்று இரண்டு பேருமே நினைக்கிறார்கள் பாருங்கள், அதாவது சைக்கிள்காரர் தப்பை இரண்டு பேரும் சேர்ந்து அந்த அம்மா தலையிலேயே போடுகிறார்கள், அங்கேதான் இந்தக் கட்டுரைக்கு வேலை வருகிறது.

யார் யாருக்கு வழி விட வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சைக்கிளும் பாவம், அதுவே லாரிக்கும் பஸ்ஸுக்கும் பயந்து போகிறது, அதைப் போய் நிறுத்தச் சொல்லலாமா என்பார்கள். மிதித்து ஏற்றின வேகத்தை விட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து மிதிக்க வேண்டும், நடக்கிறவர் ஒரு நொடி நின்றால் என்ன குறைந்துவிடும் என்பார்கள். இரண்டாவது வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, கேரியரில் மூட்டை வைத்துக்கொண்டு மிதிக்கிறவருக்கு நின்று கிளம்புவது லேசான காரியம் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து முன்னுரிமையை முடிவு செய்ய முடியாது. முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது.

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 'வாகனம்' என்றாலே இயந்திரத்தால் ஓடுகிற வண்டிதான். மிதித்து ஓட்டுகிற சைக்கிள் அதில் வராது. அந்தச் சட்டத்தின் கீழ் 2017-ல் ஓட்டுநர்களுக்கான ஒழுங்குமுறைகள் வந்தன, அதில் நடப்பவருக்குச் சாதகமாக நல்ல விஷயங்கள் நிறையவே உண்டு. சிக்னல் இல்லாத பாதசாரிக் கடவையை, அதாவது ரோட்டைக் கடக்கக் கோடு போட்ட இடத்தை, நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் போகிறவருக்கும் வழி விட வேண்டும். முன்னால் நெரிசலாக இருந்தால் கோட்டின் மேலேயே போய் நிற்கக் கூடாது. நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் வண்டி ஓட்டக் கூடாது, சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் சொன்னால் மட்டும் விதிவிலக்கு. நடப்பவர், சைக்கிளில் போகிறவர், குழந்தைகள், முதியவர், மாற்றுத்திறனாளிகள் என்று எளிதில் அடிபடக்கூடியவர்களிடம் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது.

எல்லாம் சரி, ஆனால் இதெல்லாம் கார்க்காரரின் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்து எழுதினது. அங்கிருந்து பார்த்தால் சைக்கிளும் நடப்பவரும் ஒரே கூட்டம், இரண்டு பேரும் பாவப்பட்டவர்கள், இரண்டு பேரையும் இடித்துவிடாதே என்பதோடு முடிந்துவிடும். அந்த இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எதிரே வந்தால் யார் நிற்பது என்ற கேள்வி அந்த சீட்டில் இருக்கிறவருக்குத் தோன்றவே தோன்றாது. அதனால்தான் அதற்கு ஒரு வரி கூட அங்கே இல்லை.

அதற்காக சைக்கிள்காரர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடாது. பொது வழியில் மனித உயிருக்கு ஆபத்து வரும்படி முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ எந்த வண்டியை ஓட்டினாலும், எதன் மேல் ஏறிச் சவாரி செய்தாலும் குற்றம் என்று 1860-ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-வது பிரிவு சொன்னது. குதிரைக்காரரை மனதில் வைத்து எழுதினது, சைக்கிளுக்கும் அப்படியே பொருந்துகிறது. 2024 ஜூலை 1 முதல் அதுவே, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தக் குதிரைக் காலச் சட்டம் நம்மோடு நின்றுவிடவில்லை. 2016-ல் லண்டனில், முன்சக்கரத்துக்கு பிரேக்கே இல்லாத சைக்கிளில் வந்த ஒரு இளைஞர், ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணியை இடித்து அவர் இறந்துபோன வழக்கில், அந்த இளைஞருக்கு 2017-ல் பதினெட்டு மாதத் தண்டனை கொடுக்க அங்கே கைக்குக் கிடைத்தது 1861-ல் குதிரை வண்டிக்காரர்களுக்காக எழுதின ஒரு பிரிவுதான். ஆக, இடித்த பிறகு தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, இடிக்காமல் இருக்க யார் முதலில் நிற்பது என்று சொல்கிற சட்டம்தான் இங்கே இல்லை.

சர்வதேச அளவில் பார்த்தால் பதில் அவ்வளவு குழப்பமில்லை. 1968-ல் வியன்னாவில் போட்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியா 1980-ல் சேர்ந்தது. அதில் ஓட்டுநர் என்பவர் மோட்டார் வண்டி ஓட்டுகிறவர் மட்டும் இல்லை, சைக்கிள் ஓட்டுகிறவரும் ஓட்டுநர்தான், ரோட்டில் ஆடு மாடு பத்திக்கொண்டு போகிறவரும் ஓட்டுநர்தான். நாங்குநேரிப் பக்கம் கிடை போட ஆட்டு மந்தையை நடத்திக்கொண்டு போகிற அண்ணாச்சியிடம் போய் 'நீங்களும் ஓட்டுநர்தான்' என்று சொன்னால் சிரிப்பார், ஆனால் யோசித்துப் பார்த்தால் சரிதானே, கும்பலாக ஒன்றைக் கட்டுப்படுத்திக்கொண்டு போகிறவர் அவர்தான். இந்த ஓட்டுநர்கள் எல்லாரும், கோடு போட்ட கடவையை நெருங்கும்போது அதில் நடந்துகொண்டிருப்பவருக்கும் நடக்க இறங்குகிறவருக்கும் ஆபத்து வராத வேகத்தில்தான் வர வேண்டும், தேவைப்பட்டால் நிற்க வேண்டும் என்கிறது அந்த உடன்படிக்கை. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஜங்ஷனில் எந்த எஸ்.ஐ.யும் யாருக்கும் அபராதம் போட முடியாது, அது வேறு. ஆனால் யார் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் எழுதியாகிவிட்டது. பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் சாலை விதிப் புத்தகத்தைத் திருத்தியபோது இன்னும் வெளிப்படையாகவே எழுதியது: யாரால் அதிகக் கேடு விளையுமோ அவருக்குத்தான் அதிகப் பொறுப்பு. லாரிக்கு அதிகம், அப்புறம் கார், அப்புறம் பைக், அப்புறம் சைக்கிள், கடைசியில் நடப்பவர்.

இப்போது பெல்லுக்கு வருவோம். நம் ஊரில் பெல் என்றால் 'நான் வருகிறேன், நீ ஒதுங்கு' என்றுதான் பொருள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழகியிருக்கிறோம். பெல்லுக்குச் சட்டத்தில் முதன்முதலில் வேலை கொடுத்த இடங்களில் ஒன்று 1888-ஆம் வருட பிரிட்டிஷ் சட்டம். சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று அறிவித்த அதே பிரிவில், வண்டிப் பாதையில் போய்க்கொண்டிருக்கும் மாட்டையோ குதிரையையோ ஆளையோ முந்தும்போது பெல் அடித்தோ விசில் ஊதியோ முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும் என்று இருந்தது. முந்தும்போது என்பதைக் கவனியுங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறவருக்குப் பின்னால் ஒருத்தர் வருவது தெரியாது, அதற்காகத்தான் மணி. ரோட்டைக் குறுக்கே கடக்கிறவர் நமக்கு முன்னாலேயே, கண்ணுக்கு நேரே இருக்கிறார். அவருக்கு மணி அடிப்பதில் அர்த்தம் என்ன இருக்கிறது? பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் பெல்லைத் தேடிப் போகிறது, அந்த நேரத்துக்குள் ரெண்டு மூணு மீட்டர் தாண்டியாகிவிட்டது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரணமாக மிதிக்கிற சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும், அதாவது நொடிக்கு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எதிரே ஆளைப் பார்த்து, பிரேக்கில் விரல் அழுந்தவே ஒரு நொடி ஆகும், நாலு மீட்டர் போச்சு. அப்புறம் பிரேக் ஒழுங்காகப் பிடித்தால் இன்னொரு மூணு மீட்டர். ஆக ஏழு மீட்டர், அதுவும் காய்ந்த ரோட்டில், பிரேக் கட்டை தேயாமல் இருந்தால். மேம்பாலத்தில் ஏறி இறங்கும் இறக்கத்தில் 25 கிலோமீட்டர் வேகம் தானாக வந்துவிடும், அப்போது பதினைந்து மீட்டர் வேண்டும். ஐப்பசி மழையில் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் இந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிடலாம், கட்டை வழுக்கிக்கொண்டுதான் போகும், பழைய கம்பி பிரேக் சைக்கிள் ஓட்டினவர்களுக்குத் தெரியும், காலை ரோட்டில் தேய்த்து நிறுத்தின காலம் அது. நடப்பவர் பக்கம் பார்த்தால், நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலே நடக்கிற ஆள் ஏழு மீட்டர் ரோட்டைக் கடக்க ஆறு நொடி எடுப்பார். அந்த ஆறு நொடியில் சைக்கிள் 25 மீட்டர் வந்துவிடும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிற பெரியவருக்கு ஒன்பது பத்து நொடி ஆகும். அவர் இறங்கும்போது ரோட்டில் இல்லாத சைக்கிள், அவர் பாதி போகும்போது பக்கத்தில் நிற்கும். 'பாத்து வரக் கூடாதா' என்று அவரைக் கேட்பதில் என்ன பிரயோஜனம், அவர் பார்த்துத்தானே இறங்கினார்.

நான் மேலே சொன்ன ரெண்டடிச் சந்து விஷயத்தைச் சாலைப் பொறியாளர்கள் தனியாகவே பேசுவார்கள். முன்னால் நின்ற வண்டி, நடப்பவரையும் பக்கத்தில் வருகிறவரையும் ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் மறைத்துவிடுகிறது. கார் ஏன் நின்றது என்று சைக்கிள்காரருக்குத் தெரியாது, காருக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கடவைக்கு முன்னால் ஒரு வண்டி நின்றால் பக்கத்தில் வருகிற எல்லாரும் நின்றே ஆக வேண்டும், காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். காலி இடம் இருக்கிறதே என்று நுழைவதுதான் சைக்கிளுக்கு வசதி, அந்த வசதிதான் இங்கே ஆபத்து.

பாளையங்கோட்டைக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன இந்த ஊரில், பார்வையற்றோருக்கான பள்ளியும் காது கேளாதோருக்கான பள்ளியும் இரண்டுமே இருக்கின்றன, இரண்டும் நூறு வருஷத்தைத் தாண்டினவை. பார்வை இல்லாதவர் வெள்ளைக் கோலோடு ரோட்டோரம் நின்றால், பஸ் சத்தம், ஆட்டோ சத்தம் எல்லாம் வைத்து எது எங்கே வருகிறது என்று கச்சிதமாகச் சொல்லிவிடுவார். சைக்கிள் வருவது மட்டும் கேட்காது. நன்றாக ஆயில் போட்ட சைக்கிள் என்றால் சுத்தமாகக் கேட்காது. காது கேளாத பையனுக்கோ நீங்கள் எத்தனை தடவை பெல் அடித்தாலும் ஒன்றுதான். அவன் திரும்பிப் பார்க்காததைத் திமிர் என்று நினைத்து 'ஏல, காது கேக்காதா' என்று கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆமாம், கேட்காது. முன்னால் போகிறவருக்குக் காது உண்டா, கண் உண்டா என்று பின்னால் வருகிற நமக்குத் தெரிய வழியில்லை, அப்படியிருக்க அவர் ஒதுங்குவார் என்று எப்படி எண்ணிக்கொண்டு மிதிப்பது? சட்டப் பிரிவு, உடன்படிக்கை எல்லாம் ஒருபக்கம் கிடக்கட்டும், கடவையில் சைக்கிள்தான் நிற்க வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நாலுவழிச் சாலைப் பக்கம் போனால் கதை வேறு மாதிரி. கன்னியாகுமரி ரோட்டில் ஊர் விலக்குகளில் பாருங்கள், நடுவில் தடுப்புச் சுவர், திரும்புகிற இடம் எங்கேயோ தள்ளி இருக்கும். மோட்டார் வண்டிக்கு அது ரெண்டு நிமிஷம், சைக்கிளுக்கு வெயிலில் கால் மணி நேரம். அதனால் சைக்கிள்காரர் ஓரமாகவே எதிர்த்திசையில் மிதித்து வந்துவிடுவார், ராங் சைடு என்று அவருக்கும் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கிறவர், நமக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தபடி முதலில் வலது பக்கம் பார்த்துக்கொண்டு காலை எடுத்து வைப்பார், இடி இடது பக்கமிருந்து வரும். இதில் சைக்கிள்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை, அந்த இடத்தை அப்படிக் கட்டினவர்கள் சைக்கிள் என்று ஒன்று இருப்பதையே யோசிக்கவில்லை. ஆனாலும் ராங் சைடில் வருகிறவருக்கு முன்னுரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை, இறங்கி உருட்டிக்கொண்டு வந்தால் பிரச்சினை தீர்ந்தது.

உருட்டுவது என்றதும் ஒரு பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் ஒரு பெண்மணி சைக்கிளை உருட்டிக்கொண்டு கோடு போட்ட கடவையில் கடக்கும்போது கார் இடித்துவிட்டது. கையில் சைக்கிள் இருந்ததால் அவர் நடப்பவர் கணக்கில் வரமாட்டார் என்று வாதாடினார்கள். 1980-ல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: காலால் நடந்து போகிறார், கையில் சைக்கிள் இருப்பதால் அவர் நடப்பவர் இல்லை என்று ஆகிவிடாது. ஜெர்மனியிலும் இதே கதைதான், கோட்டில் மிதித்துக்கொண்டு போனால் சைக்கிளுக்கு முன்னுரிமை கிடையாது, இறங்கி உருட்டினால் உண்டு. இது நமக்கும் நன்றாகப் பொருந்துகிற அளவுகோல். கேரியரில் நுங்குக் குலையோ பனங்கிழங்குக் கட்டோ வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வியாபாரி மிதிப்பதே அபூர்வம், அவர் நடப்பவர்தான், அவருக்குக் கார் மட்டும் இல்லை, மிதித்து வருகிற இன்னொரு சைக்கிளும் நின்றுதான் ஆக வேண்டும்.

சரி, இடித்துவிட்டால் என்ன ஆகும்? பைக் இடித்தால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உண்டு, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உண்டு, வக்கீல் கேஸைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிடுவார். சைக்கிள் இடித்துப் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அந்தத் தீர்ப்பாயம் வாசலைக் கூடத் திறக்காது, ஏனென்றால் அது மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும்தான். சைக்கிளுக்கு இன்சூரன்ஸும் கிடையாது. சாதாரண சிவில் கோர்ட்டுக்குப் போய் நஷ்ட ஈடு கேட்கலாம், யார் போவார்கள்? தெருவில் நாலு பெரிய மனுஷங்க உட்கார்ந்து, இடித்தது பக்கத்துத் தெருப் பையன்தான், அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள், அவன் அப்பாவிடம் என்ன இருக்கிறது என்று பேசி, வைத்தியச் செலவில் பாதியோ கால்வாசியோ கொடுக்கச் சொல்லி முடித்துவிடுவார்கள். பல சமயம் அதுவும் இல்லை.

நம் ஊர் அமைப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமிரபரணி மேல் சுலோசன முதலியார் பாலம் 1843-ல் திறந்தபோது மிதிக்கிற சைக்கிளே உலகத்தில் பழக்கத்துக்கு வரவில்லை, மாட்டு வண்டிக்கும் ஆட்களுக்கும் கட்டினது. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் எழுபதுகளில் வந்தபோது கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள், பெரிய வண்டி மேலே, சின்ன வண்டி கீழே என்று பிரித்த யோசனை அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் கீழே விட்ட சின்ன வண்டியெல்லாம் அப்போது சைக்கிள், இப்போது பைக். டவுனில் ரத வீதிகளுக்குப் போனால் நடைபாதை என்று இருக்கிற இடத்தில் கடைச் சாமானும் நிறுத்தின பைக்கும் இருக்கும், நடக்கிறவர் ரோட்டில் இறங்குவார், சைக்கிள்காரர் பஸ்ஸுக்குப் பயந்து ஓரத்துக்கு வருவார், இரண்டு பேரும் அந்த ஒரு மீட்டருக்குள் முட்டிக்கொள்வார்கள். பைக்காரர்களுக்கு இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லை போலத் தோன்றும், இடத்தை எடுத்துக்கொண்டதே அவர்கள்தான். இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் சைக்கிள்காரரைக் குறை சொல்ல வேண்டும், ஆனால் குறை சொல்லாமலும் விட முடியாது.

இப்போது இதில் ஏதாவது நடக்க வாய்ப்பிருக்கிறதா என்றால், இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 138-வது பிரிவில் ஒரு துணைப்பிரிவைச் சேர்த்தார்கள்: இயந்திரம் இல்லாத வண்டிகளும் நடப்பவர்களும் பொது இடங்களில் எப்படிப் போக வேண்டும் என்று மாநில அரசே விதி எழுதிக்கொள்ளலாம், தேசிய நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்துகொண்டு எழுத வேண்டும். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு எலும்பு மருத்துவர் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சட்டம் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அதே வழக்கில் அக்டோபரில், அந்தத் துணைப்பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் விதிகளை எழுதுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது.

அப்படி எழுதுகிறபோது மிதிக்கிற சைக்கிளை மட்டும் நினைத்து எழுதினால் போதாது. பேட்டரி மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, எடைக்கும் ஒரு வரம்பு என்று இருக்கிற வண்டிகளையும் மத்திய விதிகள் மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுப்பதில்லை. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். பார்க்க ஸ்கூட்டர் மாதிரி இருக்கும், எடை சைக்கிளைப் போல மூணு மடங்கு வரும், சத்தமும் அதிகம் இருக்காது, மிதிக்கிற சிரமமும் இல்லாததால் நின்று கிளம்பக் கஷ்டம் என்ற அந்த ஒரு நியாயமும் அதற்குக் கிடையாது. டியூஷனுக்குப் போகிற எட்டாவது படிக்கிற பிள்ளைகள் வரைக்கும் அதில்தான் போகிறார்கள். சட்டப்படி அதுவும் இன்றைக்குச் சைக்கிள் இருக்கிற அதே ஓட்டைக்குள்தான் இருக்கிறது. கடவையில் நடப்பவருக்கு நின்று வழி விட வேண்டியவர்கள் பட்டியலில் மிதிவண்டி என்று எழுதுகிற அதே வரியில், இந்த வண்டியையும் பேர் சொல்லி எழுத வேண்டும்.